இங்கிலாந்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு: கர்ப்பத்துலயோ பால் குடுக்குறப்பவோ மார்புல கட்டி தட்டுப்பட்டா

வந்து இறங்கினதும் வீடு, பேங்க், சிம் கார்டுன்னு ஓடுவீங்க, ஜிபி (குடும்ப டாக்டர்) ரெஜிஸ்ட்ரேஷன் அப்படியே தள்ளிப் போயிடும். வயித்துலயோ கையிலயோ குழந்தை இருந்தா அதைத்தான் முதல்ல முடிக்கணும். அட்ரஸ் ப்ரூஃப் இல்லன்னு சர்ஜரில (ஜிபியோட கிளினிக்க இங்க அப்படித்தான் சொல்வாங்க) உங்கள திருப்பி அனுப்பக் கூடாது, அதான் ரூல். நம்மூர்ல மாதிரி நேரா ஸ்கேன் சென்டர்ல காசு கட்டிட்டு ரிப்போர்ட்டோட வர்ற கதை இங்க பொதுவா நடக்காது, ஜிபி வழியாத்தான் போகணும்.

கட்டின்னு ஊருக்கு போன் போட்டா "பால் கட்டியிருக்கும்டி, நல்லா அமுக்கி விடு"ம்பாங்க. பாதி சரிதான், பெரும்பாலும் பால் அடைப்பு, தேங்கின பால் கட்டி, இல்ல ஏற்கனவே இருந்த ஃபைப்ரோஅடினோமா (கேன்சர் இல்லாத சாதாரணக் கட்டி) ஹார்மோன்ல பெருசாகுறதுன்னு ஆபத்தில்லாததாத்தான் இருக்கும். ஆனா அழுத்தி மசாஜ் பண்ணா வீக்கம் கூடத்தான் செய்யும், ஐஸ் ஒத்தடம் குடுத்துட்டு வழக்கம்போல பால் குடுங்க. சிவந்து, வலிச்சு, காய்ச்சலும் வந்தா மாஸ்டைட்டிஸா (மார்பு அழற்சி) இருக்கலாம், ஜிபிக்கோ 111க்கோ (அரசு மருத்துவ ஹெல்ப்லைன்) போன் பண்ணுங்க. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சு 48 மணி நேரத்துல குறையலன்னா திரும்பக் கூப்பிடுங்க, சீழ் கோத்திருந்தா ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசியால எடுப்பாங்க. மருந்துக்குக் காசு வேண்டாம், மெட்டர்னிட்டி எக்ஸெம்ப்ஷன் சர்டிபிகேட்ட மிட்வைஃப்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க, பிரசவத்துக்கு அப்புறம் 12 மாசம் வரைக்கும் செல்லும்.

இந்த சமயத்துல கேன்சர் வர்றது அபூர்வம், சுமார் 3000 கர்ப்பத்துக்கு ஒண்ணு. வந்தா லேட்டா கண்டுபிடிக்கிறாங்க, ஏன்னா எல்லாரும் பால் மேலயே பழியப் போட்டுடுறாங்க, சில நேரம் டாக்டரும் சேர்த்து. அதனால ரெண்டு வாரத்துல கரையாத கட்டின்னா காட்டியே ஆகணும். தோல் குழி விழுறது, காம்பு உள்ள இழுத்துக்குறது, ரத்தம் வர்றது, அக்குள்ல கட்டி, இதுக்கெல்லாம் ரெண்டு வாரம்கூட காத்திருக்காதீங்க.

ரிசப்ஷன்ல வெக்கப்படாம "பிரெஸ்ட் லம்ப், பிரெக்னன்ட்"னு (இல்ல "பிரெஸ்ட்ஃபீடிங்"னு) உடைச்சு சொல்லிடுங்க, லேடி டாக்டரும் தமிழ் இன்டர்ப்ரெட்டரும் வேணும்னு கேக்கலாம், இன்டர்ப்ரெட்டர் ஃப்ரீ. உங்களுக்கு 30 வயசு ஆகியிருந்து கட்டிக்குக் காரணம் தெரியலன்னா அவசர ரெஃபரல் (ஜிபி ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புறது), 28 நாளுக்குள்ள கேன்சரா இல்லையான்னு சொல்றதுதான் இலக்கு. 30க்குக் கீழன்னா சாதாரண ரெஃபரலா போகலாம், கட்டி வளர்ந்தா திரும்பப் போய் நில்லுங்க. ஆஸ்பத்திரி போன் நம்பர் காட்டாம வரும், ஸ்பாம்னு கட் பண்ணிடாதீங்க.

பிரெஸ்ட் கிளினிக்ல கையால பார்த்து, முதல்ல அல்ட்ராசவுண்ட் எடுப்பாங்க, அதுல ரேடியேஷனே கிடையாது. மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) தேவைப்பட்டாலும் வயித்துல இருக்குற குழந்தைக்குப் போற அளவு ரொம்ப ரொம்பக் கம்மி. பயாப்சி (கட்டியில இருந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது) மரத்துப் போற ஊசி போட்டுத்தான், அதுக்காக பால நிறுத்த வேண்டியதில்ல. போறதுக்கு முன்னாடி பால் குடுத்துட்டோ பம்ப் பண்ணிட்டோ போங்க, மார்பு காலியா இருந்தா பார்க்க ஈசி. அரை நாள்கூட ஆகும், குழந்தையப் பார்த்துக்க ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போங்க.