பையில் கூல் லிப் சிக்கியாச்சு, அப்புறம்?

பள்ளிக்கூடத்தில் போதை என்று வந்துவிட்டால் நம் மொத்தத் திறமையும் பிடிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. பையைக் கொட்டிப் பார்ப்பது, கழிப்பறைப் பக்கம் பி.டி. சாரை நிறுத்துவது, வாயைத் திறக்கச் சொல்லி உதட்டுக்கு அடியில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் இருக்கிறதா என்று தேடுவது. சரி, கிடைத்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் பல பள்ளிகளில் பதில் கிடையாது. யாருக்கு முதலில் கோபம் வருகிறதோ அவர்தான் முடிவு செய்கிறார். தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

இருப்பதிலேயே பெரிய தவறு டிசி கொடுப்பது. எட்டாம் வகுப்பு முடியும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது, அதனால் இந்த வேலை ஒன்பதாம் வகுப்பிலிருந்து நடக்கிறது. அங்கேயும் வெளியேற்றினோம் என்று எழுத மாட்டார்கள். "நீங்களே எழுதிக் கொடுத்துட்டு வாங்கிட்டுப் போயிடுங்க" என்று அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். தேர்ச்சி விகிதம் பிழைத்துவிடும். பையன்தான் காலை ஒன்பது மணிக்குப் போக இடமில்லாமல், அவனுக்கு அந்தப் பொட்டலத்தைக் கொடுத்துப் பழக்கிய அதே அண்ணன்களோடு பொழுது முழுக்கச் சுற்றுவான். பள்ளி என்ற ஒன்றுதான் அவனை தினமும் ஏழெட்டு மணி நேரம் அவர்களிடமிருந்து பிரித்து வைத்திருந்தது, அதையும் நாமே எடுத்துவிடுகிறோம்.

அடுத்தது, பிரேயரில் நிற்க வைப்பது. மன ரீதியாகத் துன்புறுத்துவதும் தண்டனைக்குரியது என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஆயிரம் பேர் முன்னால் நின்றவன் அதற்குப் பிறகு எந்த டீச்சரிடமும் உண்மையைச் சொல்ல மாட்டான், அவனைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற பிள்ளைகளும் சொல்ல மாட்டார்கள். பறிமுதல் செய்ததை பையனோடு சேர்த்துப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல.

எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் தவறுதான். பந்தயத்துக்கு ஒருமுறை வாயில் வைத்துப் பார்த்தவனும், எழுந்ததும் முதல் வேலையாக வைக்கிறவனும் ஒன்றில்லை. முன்னவனுக்கு நிதானமான ஒரு பேச்சும், அடுத்த சில வாரங்கள் கொஞ்சம் கவனிப்பும் போதும். பின்னவனுக்கு உடம்பே நிகோடின் கேட்கும். நிறுத்தினால் எரிச்சல் வரும், தூக்கம் வராது, பாடத்தில் மனசு நிற்காது. முதல் சில நாட்கள்தான் ரொம்ப மோசம், அந்த நாட்களில்தான் வகுப்பில் ஏதாவது வெடித்து "திமிர் பிடித்தவன்" என்று பெயர் வாங்குவான். அவன் விட முயற்சி செய்கிறான் என்பது பாடம் எடுக்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை, ஆனால் கிளாஸ் டீச்சருக்கு மட்டுமாவது தெரிந்திருந்தால் அவனை அந்த வாரம் கடத்திவிடலாம். குடியோ மாத்திரையோ தினசரிப் பழக்கமாகிவிட்டது என்றால் கதையே வேறு. வீட்டில் அடைத்து வைத்து ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள், மதுவையும் தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

பயமுறுத்துவதில் நமக்கு அலாதி நம்பிக்கை. ஜூன் 26, போதை ஒழிப்பு தினம் வந்தால் உறுதிமொழி, பேரணி, வாய்ப்புற்று நோய்ப் படங்கள், திருந்தியவர் ஒருவரின் உருக்கமான பேச்சு. இப்படி ஒருநாள் கூத்தாக பயமுறுத்துவதும், பழக்கத்திலிருந்து மீண்டவரைக் கூட்டிவந்து கதை சொல்ல வைப்பதும் பலன் தருவதில்லை என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. அமெரிக்காவில் 1983இல் ஆரம்பித்து போலீஸ்காரர்களை வகுப்பறைக்கு அனுப்பிய 'டேர்' திட்டத்தையும் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார்கள், பிள்ளைகளின் பழக்கத்தில் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை. கொஞ்சமாவது வேலை செய்வது, தொடர்ச்சியாகப் பல வகுப்புகளில் பிள்ளைகளையே பேச வைத்து, நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது, தோல்வி வந்தால் என்ன செய்வது என்று பழக்குவதுதான். அதற்கு மேடையும் மைக்கும் தேவைப்படாது, ஃபோட்டோவும் நன்றாக வராது.

இந்த அமளியில் அமைதியான பிள்ளை விட்டுப்போகும். கடைசி பெஞ்சில் சத்தம் போடுகிறவனைத்தான் கவுன்சிலிங்குக்கு அனுப்புகிறோம். மதியச் சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைக்கிற பெண், வெயிலிலும் முழுக்கை போட்டு வருகிறவள், நோட்டையும் பேனாவையும் தோழிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவள், இவர்களால் நமக்குத் தொந்தரவே இல்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. உள்ளுக்குள் தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் தனியாக உட்காரவைத்து நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லி மருத்துவரிடம் போகும்வரை யாராவது கூடவே இருக்க வேண்டும். 14416 அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.

பேச வைக்கிற அவசரத்தில் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் பண்ணிவிடாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் என்று வாய் திறந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி நீங்கள் புகார் சொல்லியே ஆக வேண்டும். "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம், கவுன்சிலிங் என்ற பெயரில் "உங்கப்பா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கிறார் தெரியுமா" என்று அரை மணி நேரம் பேசுவதும் வேண்டாம். அது அவனுக்குத் தெரியும், பாதி நேரம் அதுவேதான் பாரம்.

அப்பாவைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டு நிலவரம் தெரிந்துகொள்ளுங்கள். தானே தினமும் குடிக்கிறவர் பள்ளி வாசலிலேயே பெல்ட்டைக் கழற்றினால் நாம் தொடங்கியது அங்கேயே முடிந்தது. எந்தப் பெரியவர் சொன்னால் பையன் கேட்பான் என்று அவனிடமே கேட்கலாம், பல வீடுகளில் அது பாட்டியாகவோ தாய்மாமாவாகவோ இருக்கும்.

போலீஸ் தேவைப்படுகிற இடம் விற்கிறவனிடம். கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல். கடையைப் பற்றிப் பள்ளியின் பெயரிலேயே புகார் போகட்டும், பையனை ஆள்காட்டி ஆக்கிவிட்டால் அவன் தெருவில் நடக்க முடியாது.

கடைசியாக, மருத்துவமனைக்கு அனுப்பியதோடு ஃபைலை மூடிவிடுகிறோம். அவன் திரும்பி வரும் நாளுக்கு ஏற்பாடு வேண்டும்: வருகைப்பதிவு குறைந்ததை எப்படிச் சரிசெய்வது, விட்டுப்போன பாடத்தை யார் சொல்லிக்கொடுப்பது, எங்கே போயிருந்தாய் என்று வகுப்பில் கேட்டால் என்ன பதில், யார் பக்கத்தில் உட்காருவது, வாரம் ஒருமுறை அவனோடு பேசப்போகிறவர் யார். ஒரு மாதத்தில் மறுபடி பிடிபடவும் கூடும். அப்போதும் அதே ஆசிரியர்தான் அவனை அழைத்து உட்காரவைக்க வேண்டும், பி.டி. சார் இல்லை.