பழைய விமான ப்ரொப்பெல்லர்: முத்திரையைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் நடுவே ஒரு விமான ப்ரொப்பெல்லர் சாய்ந்து நின்றால், கூடவே ஒரு கதையும் நிற்கும்: “சண்டைக் காலத்துல நம்ம செட்டிநாட்டு ஏரோட்ரோம்ல கிடந்ததுங்கய்யா.” இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ஓடுதளம் இருந்தது மெய்தான். அதனால் அந்தக் கட்டை அங்கிருந்துதான் வந்தது என்று ஆகிவிடாது. கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், காசு கொடுப்பதற்கு முன், இறக்கைகள் சேரும் நடுக்கட்டையில் பொறித்த முத்திரையைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு முன்பே செய்யும் தவறு, துலக்குவது. பித்தளையைக் கண்டால் புளியைக் கரைப்பது நம் வீட்டுக் கை. மர இறக்கையின் ஓரத்தில் அடித்திருக்கும் பித்தளைத் தகட்டுக்கு அது ஆகவே ஆகாது. புளித்தண்ணீர் தகட்டுக்கு அடியில் இறங்கித் தங்கும். திருகுகள் களிம்பேறித் தளரும், மரம் இற்றுப்போகும். தகட்டின் நுனியில் இரண்டு மூன்று ஊசித்துளைகள் தெரிந்தால் மெழுகு வைத்து அடைக்காதீர்கள். உள்ளே ஊறிய ஈரம், சுழலும் வேகத்தில் வெளியே தெறிப்பதற்கென்றே போட்டவை அவை. போலி செய்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் நுணுக்கமும் அதுதான்.

நடுக்கட்டையில் உப்புத்தாளும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். முத்திரை எழுத்தின் ஆழம் நகக்கீறல் அளவுதான். ஒரு தேய்ப்பில் போய்விடும். உலர்ந்த துணியால் தூசி தட்டி, அறையை இருட்டாக்கி, டார்ச்சை மரத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். மெல்லிய தாளை வைத்து மிருதுவான பென்சிலால் தேய்த்தால் பிரதியும் கிடைக்கும். முன்முகம், பின்முகம், கட்டையின் பக்கவாட்டு விளிம்பு மூன்றையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நான்கு இலக்கம் தெரிந்ததும் ஆண்டு என்று முடிவு கட்டுவது. 1917 என்று இருப்பது வரிசை எண்ணாகவோ வரைபட எண்ணாகவோ இருக்கலாம். பிரிட்டிஷ் மர ப்ரொப்பெல்லரில் ‘டிஆர்ஜி’ என்பதை அடுத்து வருவது வரைபட எண். ‘ஏபி’ என்று தொடங்கினால் அது முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் விமான வாரியமான ஏர் போர்டின் வரைபடம். ‘டி’ விட்டம், ‘பி’ பிட்ச், அதாவது ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம். டி 2500 என்றால் மில்லிமீட்டர். 8 அடி 2.4 அங்குலம். ‘ஏஐடி’ முத்திரை பிரிட்டனின் விமானச் சோதனைத் துறையுடையது. நம் ஐஎஸ்ஐ போல, சோதித்துத் தேற்றியதைச் சொல்லுமே தவிர எந்த விமானம் என்று சொல்லாது.

‘கருடா’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தால், நம் நாட்டுச் சரக்கு என்று துள்ள வேண்டாம். அது பெர்லின் கம்பெனி. முதல் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களுக்கு ப்ரொப்பெல்லர் செய்தது. ஜெர்மன் கட்டையில் ‘பிஎஸ்’ குதிரைத்திறன், ‘எஸ்டி’ (ST) பிட்ச்.

படித்ததை அளந்து பார்க்காமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. விட்டத்தை நுனிக்கு நுனி அளக்காதீர்கள். ஒரு நுனி வெட்டுப்பட்டிருக்கலாம். நடுமையத்திலிருந்து நீளமான இறக்கையின் நுனிவரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். பிட்ச்சுக்கு, மையத்திலிருந்து 30 அங்குலத்தில் இறக்கையின் தட்டையான பின்புறம் நடுக்கட்டை முகத்தோடு எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். 15 டிகிரி என்றால்: 2 × 3.1416 × 30 × 0.268 (15 டிகிரியின் டேன்ஜென்ட்), ஏறக்குறைய 50.5 அங்குலம். முத்திரை 80 என்று சொன்னால் ஏதோ இடிக்கிறது.

சுழலும் திசையையும் விடாதீர்கள். வலம் என்றால் கடிகார முள் போல, இடம் என்றால் அதற்கு எதிராக, இரண்டும் விமானி இருக்கையிலிருந்து பார்த்து. புடைத்த பக்கம் முன்னே இருக்கும். டைகர் மாத் பயிற்சி விமானத்தின் ஜிப்ஸி மேஜர் இன்ஜின் இடச்சுற்று. ஆகவே வலச்சுற்றுக் கட்டையை டைகர் மாத் என்று விற்றால் நம்பாதீர்கள். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இரண்டும் உண்டு: மெர்லின் இன்ஜின் வலம், பின்னால் வந்த கிரிஃபன் இன்ஜின் இடம்.

உலோகத்தில் வேறு கணக்கு. அமெரிக்காவின் ஹாமில்டன் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹப்பில், அதாவது நடுக்குடத்தில், 23ஈ50 (23E50) என்றால் 2 வடிவமைப்பு மாற்றம், 3 பிளேடு (இறக்கை) எண்ணிக்கை, ஈ பிளேடின் அடித்தண்டு அளவு, 50 இன்ஜின் தண்டின் பல்வெட்டு அளவு. ஹார்வர்டு பயிற்சி விமானத்தில் 12டி40 (12D40) ஹப்பும் 6101ஏ-12 பிளேடும் வரும். கோட்டுக்குப் பின்னுள்ள 12, மூல விட்டத்திலிருந்து குறைத்த அங்குலம். ஓவர்ஹாலில் பிளேடு மாறியிருக்கும், அதனால் ஒவ்வொரு பிளேடின் எண்ணையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க முத்திரையே தேவையில்லை, மரமே காட்டிக்கொடுக்கும். அசல் கட்டை பெரும்பாலும் பல பலகைகளை அடுக்கி ஒட்டியது. ஒரே மரத்தில் குடைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். இன்ஜினில் பூட்டிய கட்டையின் முகத்தில் இரும்புத் தட்டு அழுத்திய வட்டத்தழும்பு இருக்கும். துளை மட்டும் இருந்து தழும்பு இல்லையென்றால், சுவருக்காகச் செய்ததாக இருக்கலாம்.

வாங்கிய பிறகு வீட்டுப் பட்டாலையில் மாட்டுவதானால் நெட்டாக மாட்டாதீர்கள். ஈரம் கீழ் இறக்கையில் சேர்ந்து அந்தப் பக்கம் கனத்துவிடும். படுக்கை வாட்டத்தில், முற்றத்துச் சாரல் எட்டாத சுவரில் மாட்டுங்கள்.