பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) உள்ளவர்கள் ஹாட் டப்பில், அதாவது வெந்நீர்த் தொட்டியில், இறங்கலாமா?

தாராளமாக இறங்கலாம், ஆனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. பேஸ்மேக்கர் டைட்டானியம் உறைக்குள் முழுதாக மூடப்பட்டு, தோலுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொடவே தொடாது. புதிதாகப் பொருத்தியவர்கள் மட்டும் தையல் காயம் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை எந்தத் தொட்டியிலும் மூழ்கக் கூடாது. கிருமி உள்ளே போனால் கருவியையே எடுக்க வேண்டி வரலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது சூட்டைத்தான். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதனால்தான் எழுந்ததும் தலை சுற்றுகிறது. 40 டிகிரி செல்சியஸ்தான் உச்சவரம்பு, இதய நோயாளிக்கு அதற்கும் கீழே இருப்பது நல்லது. பத்து நிமிடம் போதும். மெதுவாக எழுந்திருங்கள், பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மது வேண்டாம் (ரிசார்ட்டில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், பரவாயில்லை).

அப்புறம், பம்ப் மோட்டார் இருக்கும் பக்கம் மார்பைச் சாய்க்காதீர்கள். தொட்டிக்கு எர்த்திங் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீரில் மின்கசிவு இருந்தால், ஐசிடி (பேஸ்மேக்கர் போலவே உடலுக்குள் பொருத்தப்பட்டு, துடிப்பு ஆபத்தாக மாறினால் ஷாக் கொடுக்கும் கருவி) அதை இதயத் துடிப்புக் கோளாறு என்று தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். மயக்கமோ படபடப்போ வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.