எச்சிகோ-ட்சுமாரி சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில் தொகாமாச்சி நகரமும் ட்சுனான் ஊரும் சேர்ந்த மலைநாட்டுக்கு எச்சிகோ-ட்சுமாரி என்று பெயர். 2000-இல் தொடங்கி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் இங்கே ஒரு கலைவிழா நடக்கிறது. கொரோனாவால் ஒருமுறை தள்ளிப்போனது. ஒன்பதாவது விழா 2024-இல் முடிந்தது. வயலிலும் காட்டிலும் ஆள் இல்லாமல் போன வீடுகளிலும்தான் சிற்பங்கள் நிற்கின்றன.

பலர் செய்யும் முதல் தவறு, இதை ஒரு பூங்காவாக நினைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புவது. இடத்தின் பரப்பு சுமார் 760 சதுர கிலோமீட்டர். விழாவை உருவாக்கிய ஃபுராம் கிதாகாவா படைப்புகளை வேண்டுமென்றே ஊர் ஊராகப் பரப்பி வைத்தார். இளைஞர்கள் வெளியேறி வயதானவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமங்கள் இவை. ஒரு சிற்பத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் இந்த ஊர்களைக் கடந்தே ஆகவேண்டும். அந்த வழியும் விழாவில் சேர்த்திதான். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

ரயிலை மட்டும் நம்புவது அடுத்த தவறு. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் எச்சிகோ-யுசாவா வரை சுமார் 80 நிமிடம். அங்கிருந்து ஹொக்குஹொக்கு லைன் என்ற உள்ளூர் ரயில். சரி, அதற்கப்புறம் கார் வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தால் அங்கே வண்டி ஓட்டலாம். 2022, 2024 விழாக்களில் செவ்வாயும் புதனும் விடுமுறையாக இருந்தன. ஆகவே கிழமையைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

இன்னொரு தவறு எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. மட்சுதாய் ரயில் நிலையத்தருகே, அடுக்கு வயல்களில் நீலமும் மஞ்சளுமாக உழவர் உருவங்கள் நிற்கும். இல்யா கபகோவ், எமிலியா கபகோவ் என்ற கலைஞர் தம்பதி 2000-இல் செய்த படைப்பு. உழவு, விதைப்பு, நடவு என்று நெல்லின் ஒரு வருஷமே அந்தச் சரிவில் ஏறுகிறது. உருவங்களைக் கண்டதும் நேராக அவற்றின் பக்கத்தில் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அப்படிப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். எதிரே உள்ள பார்வை மேடைக்குப் போங்கள். அங்கே ஒரு சட்டத்தில் ஜப்பானிய எழுத்துகள் தொங்குகின்றன. நெல் வேலையைச் சொல்லும் வரிகள். அவற்றின் ஊடாகப் பார்க்கும்போது எழுத்தும் உருவமும் வயலும் ஒன்றாகி, படக்கதைப் புத்தகத்தின் பக்கம் போல் விரியும். அந்த வயலின் சொந்தக்காரர் வயதாகி விவசாயத்தையே விடவிருந்தவர். முதலில் சம்மதிக்கவே இல்லை. தம்மைப் போன்றவர்களின் உழைப்புதான் படைப்பின் கரு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டார், பயிரிடுவதையும் தொடர்ந்தார்.

அதனால்தான் வரப்பில் ஏறாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அது நடைபாதை இல்லை. சேறு பூசிக் கட்டிய வரப்பு மிதிபட்டு உடைந்தால் மேல் வயலின் தண்ணீர் கீழே இறங்கிவிடும். வயல் காட்சிப் பொருளும் இல்லை. இந்தப் பக்கத்து கோஷிஹிக்காரி அரிசிக்கு ஜப்பான் முழுக்கப் பெயர்.

அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டர்ரெல்லின் ‘ஒளி வீட்டை’ப் பகலில் எட்டிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்வதும் நடக்கிறது. கூரை விலகி, விளக்கின் நிறம் மாற மாற வானத்தின் நிறமும் மாறுவதைக் காண அந்தி வேளையில் இருக்க வேண்டும். அதற்கு இரவு தங்க முன்பதிவு வேண்டும். குளிர்காலத்தில் பயணம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பனி ஆள் உயரத்தைத் தாண்டிக் குவியும் பகுதி இது. வெளியில் உள்ள பல படைப்புகள் கண்ணுக்கே தெரியாது.

கடைசியாக, முத்திரை சேர்க்கும் அவசரம். ஒவ்வொரு படைப்பின் அருகிலும் நுழைவுப் புத்தகத்தில் குத்திக்கொள்ள ஒரு முத்திரை இருக்கும்; குத்திவிட்டு ஓடுகிறவர்கள் நிறைய. தோகே கிராமத்தின் ‘தோலுரிக்கும் வீடு’ வெளியிலிருந்து வெறும் பழைய வீடுதான். செருப்பைக் கழற்றி உள்ளே போனால், தரை, தூண், உத்தரம் என்று மரம் இருக்கும் இடமெல்லாம் உளித் தழும்பு. நிஹோன் பல்கலைக்கழகச் சிற்ப மாணவர்கள் செதுக்கியது. புகை படிந்த கறுப்புக்குள்ளிருந்து மரத்தின் வெளிர் நிறம் வரிவரியாக எட்டிப் பார்க்கும். உள்ளங்கால் அந்த மேடுபள்ளத்தை உணரும்வரை மெதுவாக நடங்கள்.