குமிழியை மட்டும் நம்ப வேண்டாம்: வீட்டு இஞ்சி பீர் சரியாகப் பொங்குகிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி

புதிதாக இஞ்சி பீர் போடுகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். "குமிழியே காணோமே, கெட்டுப்போச்சா?" என்பது ஒன்று. "குமிழி நிற்கவே மாட்டேங்குதே, ரெடியா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் குமிழியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. மூடி லேசாகக் கசிந்தால், உள்ளே ஜோராக வேலை நடக்கும்போதே வெளியே ஒன்றும் தெரியாது. அதேபோல காலையில் குளிர்ந்திருந்த ஜாடி மதிய வெக்கையில் சூடானாலே கரைந்திருந்த வாயு குமிழி குமிழியாக மேலே வரும், அதற்கும் ஈஸ்ட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. கண், மூக்கு, நாக்கு, கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பார்லியும் ஹாப்ஸும் போட்ட நிஜ பீரை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. இங்கே நான் சொல்வது இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை சேர்த்து, சோடா மாதிரி நுரைத்தவுடன் நிறுத்திவிடுகிற பானம். நாள் கணக்கில் விட்டுவைத்தால் இதுவும் மதுதான். அதனால் எப்போது நிறுத்துவது என்பதை, எப்படிப் பொங்க வைப்பது என்பதைவிடக் கவனமாகப் படியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. அக்கானி (பதநீர்) இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, எதற்கு? தடவாவிட்டால் பாளையிலிருந்து சொட்டும்போதே ஈஸ்ட் அதில் இறங்கி சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்துவிடும், கலயத்தை இறக்குவதற்குள் அது கள். சுண்ணாம்பின் காரத்தன்மைதான் அதைத் தடுத்து வைக்கிறது. இஞ்சி பீரில் அதே ஈஸ்ட் கூட்டத்தைத் தடுக்காமல் நாமே அழைத்து வேலை கொடுக்கிறோம். அது சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடும் ஆல்கஹாலும் விடும், கூடவே இருக்கும் லாக்டிக் பாக்டீரியா புளிப்பைக் கொடுக்கும். இங்கிலாந்தில் பழைய முறையில் இஞ்சி பீர் போடப் பயன்பட்ட உறையை ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து, அது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு என்று 1892இல் எழுதினார். நாம் இஞ்சியிலிருந்து எடுக்கும் உறை அதே உறை அல்ல, ஆனால் வேலை செய்கிற ஜோடி அதே மாதிரிதான்.

முதல் படி: உறை

ஜிஞ்சர் பக் என்று இணையத்தில் சொல்வது இதைத்தான். வடசேரி சந்தையிலோ மார்த்தாண்டத்திலோ மண் ஒட்டிய இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள், ஈஸ்ட் இருப்பது தோலில். கழுவித் தேய்த்துப் பளபளக்கிற இஞ்சி பார்க்க அழகாக இருக்கும், உறைக்கு உதவாமல் போகலாம். மண்ணை மட்டும் அலசிவிட்டு, தோல் சீவாமல் துருவுங்கள்.

கண்ணாடி ஜாடியில் 400 மில்லி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி இஞ்சித் துருவல், ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள், குளோரின் ஈஸ்ட்டைச் சோர்வாக்கும். வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் போட்டு, சுத்தமான கரண்டியால் கிண்டிவிட வேண்டும். கருப்பட்டி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ருசிக்கு அதற்கு ஈடில்லை, ஆனால் தண்ணீர் கறுத்துவிடும், கலங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. கை பழகும்வரை வெள்ளைச் சர்க்கரையே போதும்.

இனி ஜாடியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முதல் நாள் துருவல் பெரும்பாலும் அடியில் கிடக்கும், தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். அடுத்த நாள் லேசாகக் கலங்கும். அதன்பிறகு துருவல் ஒவ்வொன்றிலும் கடுகைவிடச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். மேலே வந்ததும் குமிழி உடைந்து துருவல் சாய்ந்து கீழே இறங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறும். கரண்டியை விட்டால் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வரும். அடியில் வெண்மையாக மாவு மாதிரிப் படிவதும் நல்லதுதான், அது ஈஸ்ட். இந்த ஏற்ற இறக்கம், சத்தம், கலங்கல் மூன்றும் இருந்தால் உறை உயிரோடு இருக்கிறது. சர்க்கரை போட்ட சில மணி நேரத்தில் இதெல்லாம் நடந்தால் உறை ரெடி.

எத்தனை நாள் ஆகும் என்பது வெக்கையைப் பொறுத்தது. பங்குனி, சித்திரையில் குளச்சல் பக்கம் மூன்று நாளில் முடியும் வேலை, அடைமழையில் பேச்சிப்பாறை பக்கம் ஐந்தாறு நாள்கூட இழுக்கும். அதனால் நாளை எண்ணாதீர்கள், ஜாடியைப் பாருங்கள்.

மூக்குக்குத் தெரிவது

நல்ல உறையில் இஞ்சி வாசனை முன்னால் நிற்கும், பின்னாலேயே ஆப்ப மாவு புளித்த மாதிரி ஒரு மணம் வரும். லேசாக முட்டை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், ஈஸ்ட்டுக்குச் சத்து போதாதபோது அப்படி வரும், கிண்டிவிட்டு இஞ்சியைச் சற்றுக் கூட்டிப் போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். வினிகர் நெடி ஏறினால் காற்று அதிகம் பட்டு அசெட்டிக் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று அர்த்தம். நெயில் பாலிஷ் நெடி அடித்தால் ஜாடி அதிகச் சூட்டில் இருந்திருக்கலாம், அடுப்புப் பக்கத்திலிருந்து மாற்றுங்கள். இந்த இரண்டில் எது வந்தாலும் அந்த உறையைப் பானத்துக்கு எடுக்காமல் புதிதாகப் போடுவதே நல்லது.

நம் ஊர் வெக்கையில் அடிக்கடி வரும் தொல்லை இன்னொன்று, உறை கொழகொழவென்று ஆவது. கரண்டியைத் தூக்கினால் நூல் மாதிரி இழுபடும். சர்க்கரையிலிருந்து பிசின் செய்கிற ஒருவகை பாக்டீரியா முந்திக்கொண்டதால் வருவது இது. விஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் பானம் வாயில் வைக்க நன்றாக இருக்காது. நானாக இருந்தால் கொட்டிவிடுவேன்.

பூஞ்சைக்கு மட்டும் இரக்கமே காட்டாதீர்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்திலோ பஞ்சு மாதிரியோ மேலே ஏதாவது முளைத்தால், அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றும் வேலை வேண்டாம். ஜாடியில் இருப்பதை முழுதும் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, மறுபடி ஆரம்பியுங்கள். வெள்ளையாக, தட்டையாக, சுருங்கிய ஆடை மாதிரிப் படர்ந்தால் அது பூஞ்சை அல்ல, காற்றுப் படும் இடத்தில் வளரும் ஈஸ்ட். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆரம்பத்தில் அதையும் கொட்டிவிடுவதே பாதுகாப்பு.

இரண்டாம் படி: பானம்

இது சுலபம். 100 கிராம் இஞ்சியைத் தட்டி, 200 கிராம் சர்க்கரையோடு ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே, முழுதாக ஆறட்டும், சூட்டில் ஊற்றினால் உறை செத்துவிடும். பிறகு இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் வடிகட்டிய உறை 150 மில்லியும் சேர்த்து, வடிகட்டி, ஆறவைத்த தண்ணீர் விட்டு மொத்தம் இரண்டு லிட்டராக்குங்கள். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. புளிப்பு ஆரம்பத்திலேயே இருந்தால் வேண்டாத கிருமிகள் தலையெடுக்காது. புளிப்பை அளக்கும் பி.ஹெச். தாள் கிடைத்தால் 4.6க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: பாட்டிலே சொல்லும்

சோடா, குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். கண்ணாடி பாட்டிலை ஆரம்பத்தில் தொடவே தொடாதீர்கள், அழுத்தம் தாங்காமல் வெடித்தால் சில்லு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், அது வாயு அழுத்தத்துக்குச் செய்தது இல்லை.

கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விட்டு ஊற்றி, பாட்டிலின் வயிற்றை அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, அமுங்கிய நிலையிலேயே மூடியை இறுக்குங்கள். வயிறு ஒட்டிய பாட்டில், ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய உப்பிக்கொண்டு வரும். முதலில் பள்ளம் டப்பென்று வெளியே வரும், பிறகு அமுக்கினால் மெத்தென்று இருக்கும், கடைசியில் புதுச் சோடா பாட்டில் மாதிரி விரல் இறங்காத கெட்டியாகும். ஜாடிக் குமிழியைவிட இந்தச் சோதனையை நான் பத்து மடங்கு நம்புவேன். பாட்டிலுக்குள் அடைத்த பிறகு பொய் சொல்ல அங்கே காற்று இல்லை. காலையும் மாலையும் அமுக்கிப் பாருங்கள், வெயில் காலத்தில் ஒரே நாளில்கூடக் கெட்டியாகிவிடும்.

கெட்டியானதும் உடனே ஃப்ரிட்ஜ். ஏன் இவ்வளவு அவசரம் என்றால் கணக்கைப் பாருங்கள். நாம் போட்டது லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. ஒரு லிட்டரை நல்ல சோடா அளவுக்கு நுரைக்க வைக்க அதில் 15 கிராமை ஈஸ்ட் தின்றாலே போதும், அப்போது ஆல்கஹால் சுமார் 1 சதவீதம். மீதி 85 கிராம் அப்படியே உள்ளே காத்திருக்கிறது, ஈஸ்ட் தானாக நிறுத்தாது. வெளியே விட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், முழுதையும் தின்றுவிட்டால் ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தாண்டி பீர் அளவுக்கு வந்துவிடும். அந்த 1 சதவீதம் இருப்பதாலேயே குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், மதுவே கூடாதவர்களுக்கும் இதைக் கொடுக்காதீர்கள், விருந்தினருக்கும் சொல்லிவிட்டே கொடுங்கள்.

நாக்கும் ஹைட்ரோமீட்டரும்

ஊற்றிய அன்றே ஒரு டம்ளர் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாட்டில் கெட்டியானதும் இரண்டையும் ஒன்றாகக் குடித்துப் பாருங்கள். பொங்கியதில் இனிப்பு சற்றுக் குறைந்து, புளிப்பும் இஞ்சிக் காரமும் தூக்கலாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே இனிப்பாக இருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அளந்தே பார்க்க வேண்டும் என்றால் ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள், பானத்தில் மிதக்கவிட்டு அது தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கும் கருவி அது. இந்த அளவுச் சர்க்கரைக்கு ஆரம்பத்தில் 1.038 பக்கம் காட்டும், சோடா அளவு நுரைத்தபோது 1.030ஐ ஒட்டி இறங்கியிருக்கும். எடுத்த பானத்தை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வாயுவைப் போக்கிவிட்டே அளக்க வேண்டும், இல்லையென்றால் குமிழி ஒட்டிக்கொண்டு கருவியை மேலே தூக்கி, எண்ணைக் கூட்டிக் காட்டும். வெக்கையில் அளந்தால் எண் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அதனால் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் அளந்து பாருங்கள்.

பாட்டில் உப்பவே இல்லை என்றால்

முதலில் மூடி. பாட்டிலைக் கவிழ்த்து உலர்ந்த துணியில் வையுங்கள், துணி நனைந்தால் கசிவு. மூடி சரி என்றால் பானம் ஆறும் முன்னே உறையை ஊற்றினீர்களா, உறை தெம்பாக இருந்ததா என்று யோசியுங்கள். மழை நாளாக இருந்தால் ஒரு நாள் கூடுதலாகப் பொறுங்கள். அப்படியும் மூன்று நாளில் பள்ளம் அப்படியே இருந்து, வாசனையும் மாறாமல் இருந்தால், அதைக் கொட்டிவிட்டு உறையிலிருந்து ஆரம்பியுங்கள், மேலே மேலே சர்க்கரை போடுவதால் ஒன்றும் ஆகாது.

ஃப்ரிட்ஜில் வைத்தாலும் ஈஸ்ட் தூங்குமே தவிர சாகாது. ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள், இடையில் பாட்டிலை அமுக்கிப் பாருங்கள், மிஞ்சிக் கெட்டியாகத் தெரிந்தால் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வாயுவை விடுங்கள். திறப்பதை எப்போதும் சிங்க்கில் வைத்து, முகத்தை விலக்கிச் செய்யுங்கள். மீதி உறையையும் ஃப்ரிட்ஜிலேயே வைத்து வாரம் ஒருமுறை இஞ்சியும் சர்க்கரையும் கொடுத்தால் போதும், அடுத்த தடவைக்கு முந்தின நாள் வெளியே எடுத்து ஊட்டிவிட்டு, துருவல் மறுபடி ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பானத்தில் சேருங்கள்.