ஒரு கல்வெட்டை வைத்துப் புதிய ஏற்பாட்டை ஆராய்வது எப்படி?

அகழாய்வில் கிடைத்த ஒன்றைப் புதிய ஏற்பாட்டோடு ஒப்பிட விரும்புகிறவர், முதலில் அந்தப் பொருளைத் தள்ளி வைத்துவிட்டு, வசனம் சொல்வது இன்னதென ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கல்லியோன் என்பவன் தென் கிரேக்கத்து ரோம மாகாணமான அகாயா நாட்டிற்கு அதிபதியாயிருந்தபோது, அங்குள்ள கொரிந்து நகரில் யூதர்கள் அப்போஸ்தலனாகிய பவுலை அவன் நியாயாசனத்திற்கு முன் கொண்டுபோனார்கள் என்கிறது அப்போஸ்தலர் 18:12; ஆண்டைச் சொல்லவில்லை. தமிழில் பொதுப்பட ‘அதிபதி’ என்றிருக்கும் இடத்தில், கிரேக்க மூலம் செனட் சபையின் கீழிருந்த மாகாணத்து ஆளுநருக்கே உரிய பதவிப்பெயரை ஆள்கிறது. ஆகவே பதவிகளை ஒப்பிடும்போது மொழிபெயர்ப்போடு நின்றுவிடக் கூடாது.

அடுத்து, வசனத்தை மறந்துவிட்டுக் கல்லை வாசிக்க வேண்டும். கிரேக்க நாட்டின் தெல்பியில் துண்டுகளாகக் கிடைத்து 1905-இல் அறியவந்த கல்வெட்டு, குடிமக்கள் குறைந்துபோன அந்நகரைக் குறித்துப் ரோமப் பேரரசர் கிலவுதியு எழுதிய கடிதம். பவுலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கல்லியோனை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கிலவுதியு 26-ஆம் முறை ‘இம்பெராத்தோர்’ (வெற்றி கண்ட படைத்தலைவர்) என வாழ்த்தப்பெற்றிருந்ததையும் சொல்கிறது. கி.பி. 52 ஆகஸ்டு 1-இல் அர்ப்பணிக்கப்பட்ட ரோமாபுரி நீர்க்கால்வாயின் கல்வெட்டிலோ அந்த எண் 27 ஆகிவிட்டது. எனவே கடிதம் அதற்கு முந்தியது. அகாயா அதிபதியின் பதவிக்காலம் வழக்கமாக ஓராண்டு என்பதால், கல்லியோன் அங்கிருந்தது 51–52 என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். பவுலின் பயணங்களுக்குக் காலவரிசை அமைப்பவர்கள் ஏறக்குறைய இந்த ஒரே முளையில்தான் கயிறு கட்டுகிறார்கள். என்றாலும், பவுல் கொரிந்துவில் தங்கிய ஒன்றரை ஆண்டில் அந்த விசாரணை எப்போது நடந்தது என்பது வசனத்திலும் இல்லை, கல்லிலும் இல்லை. ஆதலால் ஓராண்டு முன்பின் விட்டே கணக்கிட வேண்டும்.

பொருள் எங்கே, யாரால், எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் எதையும் ஏற்கக் கூடாது. இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த யூதேயாவின் ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்து, 1961-இல் யூதேயாவின் கடற்கரை நகரான செசரியாவின் அரங்கில் இத்தாலிய அகழாய்வாளர்கள் கண்ட கல், பிற்காலத்தில் படியாகத் திரும்பப் பயன்படுத்தப்பட்டதாயினும், கண்டெடுத்த இடம் ஐயமற்றது. ரோம வரலாற்றாசிரியர் தாசித்து ‘புரோகுராத்தோர்’ (பேரரசரின் நிதிப் பொறுப்பாளர்) என்றெழுதிய பிலாத்துவின் உண்மையான பதவி ‘பிரிஃபெக்ட்’ (படைப் பொறுப்புள்ள ஆளுநர்) என்பதை அதுவே தெளிவாக்கியது. இதற்கு மாறாக, ‘இயேசுவின் சகோதரன் யாக்கோபு’ என்று பொறித்த எலும்புப் பேழை 2002-இல் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து வெளிவந்தது. 2012-இல் நீதிமன்றம் போலிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தபோதும், எழுத்து மெய்யானது என்று தீர்ப்புரைக்கவில்லை. என் கருத்தில், இத்தகைய பொருளை வாதத்தின் அடித்தளமாக வைக்கவே கூடாது.

ஒன்று கிடைக்காததையும் அளவோடுதான் சான்றாக்க வேண்டும். யூதேயாவில் ரோமர் சிலுவையில் அறைந்தவர் ஏராளம் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபு எழுதியிருந்தும், எருசலேமருகே 1968 வரை ஆணி பாய்ந்த எலும்பு ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. அவ்வாண்டு ஒரு கல்லறையிலிருந்த பேழையில், யெகோகானான் என்பவரின் குதிகால் எலும்பு ஆணியோடு கிடைத்தது. நுனி வளைந்ததால் ஆணியைப் பிடுங்க முடியாமல் போயிருக்கலாம் என்பது பலர் கருத்து. சிலுவையில் மாண்டவருக்கும் முறையான அடக்கம் கிடைக்கக்கூடும் என்பதை அந்த எலும்பு காட்டுகிறது. இயேசுவின் அடக்கம் எப்படி நடந்தது என்பதற்கு அதில் விடை இல்லை.