குழி வெட்டும் முன் வெல்டைப் பிடியுங்கள்

கடலூர் உப்பனாற்றங்கரையில் ஒரு முறை ஆளுயரக் குழி வெட்டி, நாள் முழுக்கத் தண்ணீர் இறைத்து, பைப்பின் கோட்டிங்கை உரித்துப் பார்த்தோம். இரும்பு பளபளவென்று இருந்தது. ரிப்போர்ட் சொன்ன அரிப்பு 14 மீட்டர் தள்ளி இருந்தது. இடத்தைக் குறித்துக் கொடுத்தவன் நான். அதனால்தான் பைப்லைன் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதலில் இதைச் சொல்கிறேன்: கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பி ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள்.

பைப்புக்குள் ஓடி அரிப்பை அளக்கும் கருவியான பிக், சக்கரம் சுற்றும் கணக்கில்தான் தூரத்தைப் பதிகிறது. மெழுகு படிந்த இடத்திலும் வளைவிலும் சக்கரம் வழுக்கும். மேப்பில் இருப்பதோ தரைமட்டத் தூரம். ஆற்றுக்கு அடியில் பைப் இறங்கி ஏறும் நீளம் அதில் வராது.

இடம் மாறாமல் இருப்பது, இரண்டு பைப்பைச் சேர்க்கும் வெல்டுதான். ஒவ்வொரு பைப்பும் சுமார் 12 மீட்டர் என்பார்கள், அளந்தால் 11.82, 12.07, 11.64, நடுவில் 3.10 மீட்டரில் ஒரு துண்டு என்று வரும். இந்த வரிசை இன்னொரு இடத்தில் அப்படியே வராது. பைப் பதித்த காலத்துப் பதிவேட்டையும் பிக் கொடுத்த வெல்டு பட்டியலையும் எக்ஸலில் பக்கம் பக்கமாக வைத்துப் பொருத்துங்கள். குட்டைத் துண்டில் தொடங்கினால் சீக்கிரம் பிடிபடும். பிறகு வால்வு, ரயில்வே கிராசிங், தரையில் அடையாளமாக வைத்த மார்க்கர் இடங்களை டிஜிபிஎஸ்ஸில் (பிழை திருத்தித் தரும் துல்லிய ஜிபிஎஸ்) அளந்து அந்தந்த வெல்டு நம்பரோடு கட்டி, இடைத் தூரத்தை விகிதப்படி பங்கிடுங்கள். செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும், வேண்டாம். எல்லா இடக்குறிப்பும் ஒரே ஆயத்தொலை முறையில், டபிள்யூஜிஎஸ் 84, யுடிஎம் 44 வடக்கு மண்டலத்தில் இருக்கட்டும். எவரெஸ்ட் என்ற பழைய நில அளவை அடிப்படையில் போட்ட மேப் ஒன்று கலந்தாலும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

அடுத்து, அரிப்புப் பட்டியல் மேல் சி.பி. (அரிப்பைத் தடுக்கப் பைப்புக்குத் தரும் மின் பாதுகாப்பு) அளவு, கோட்டிங் பழுது, மண்ணின் மின் தடை மூன்றையும் ஏற்றுங்கள். அரிப்பின் ஆழம் கேப்பர் மலைச் செம்மண்ணில் சுவர்த் தடிமனில் 40 சதவீதம், உப்பனாற்றுக் களிமண்ணில் 30 சதவீதம் என்று வந்தால், முதலில் எதை வெட்டுவது? களிமண்ணில் ஆஃப் பொட்டென்ஷியல் (சி.பி. மின்சாரத்தை நிறுத்தியதும் அளக்கும் மின்னழுத்தம்) மைனஸ் 850 மில்லிவோல்ட்டைத் தொடவில்லை என்றால் அங்கே பாதுகாப்பு போதவில்லை, அந்த 30-ஐத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆழம் மட்டும் போதாது, நீளத்தையும் சேர்த்துத் தாங்கும் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். ஆழம் 80 சதவீதம் தாண்டினால் கணக்கே வேண்டாம், உடனே பழுதுபார்க்க வேண்டும்.

பிக்கின் போன ஓட்டத்தில் ஆழம் 25 சதவீதம், இந்த ஓட்டத்தில் 31 என்றதும் அரிப்பு வளர்ந்துவிட்டதாகப் பதற வேண்டாம். காந்தப்புலத்தால் அளக்கும் பிக் தரும் அளவில் பொதுவாகச் சுவர்த் தடிமனில் 10 சதவீதம் கூடக் குறைய இருக்கும். அதே வெல்டுக்கு அருகே இரண்டு ஓட்டத்துச் சிக்னலையும் ஒப்பிட்ட பிறகே முடிவு.

ஐப்பசி மழைக்கு முன் வெட்டிவிடுங்கள். ஒரு வெல்டு தெரியும்வரை தோண்டி, அங்கிருந்து டேப் பிடியுங்கள். ஓட்டத் திசையைப் பார்த்து நின்றபடி அரிப்பின் கடிகார நிலையை (பைப்பின் உச்சி 12 மணி) குறியுங்கள். அல்ட்ராசோனிக் கேஜில் வந்த தடிமனை அன்றைக்கே மேப்பில் ஏற்றுங்கள்.

லைன் நடக்கிறவரின் நோட்டையும் விடாதீர்கள். "இறால் குட்டைக்குக் கரை வெட்டுறாங்க சார்" என்று ஒருவர் எழுதிவைத்த இடத்தில்தான், பைப்புக்கு மேல் இருக்க வேண்டிய மண் முக்கால்வாசி போயிருந்தது. எந்தப் பிக்கும் அதைக் காட்டியிருக்காது.